சட்டையைப் பிடிக்க ஆள் எங்கே?

தோழா!

ஒரு கடைக்காரர் என் சட்டையைப் பிடித்து உலுக்கிய கதையை நான் எந்த மேடையிலும் சொன்னதில்லை. சொல்லிக்கொள்ளும்படியான பெருமை அதிலே ஏதுமில்லை. ஆயினும் இன்று உன்னிடம் சொல்லித்தான் தீரவேண்டும்.

கல்லூரியை இரண்டாம் ஆண்டோடு விட்டுவிட்டேன். விட்டுவிட்டேன் என்பது மரியாதைக்காகச் சொல்வது. கட்டணம் கட்ட வழியின்றி வெளியே வந்தேன் என்பதே மெய். பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பு, திருச்சியில் எனக்கு விளம்பரம் பிடிக்கும் வேலை கிடைத்தது. ஊரிலுள்ள கடைகள், பட்டறைகள், மருத்துவர்கள், வாடகை வண்டிக்காரர்கள் அனைவருடைய பெயரையும் தொலைபேசி எண்ணையும் தொகுத்து, தலையணை போன்ற ஏடொன்றை ஆண்டுக்கொரு முறை அச்சிட்டு வழங்கிவந்த நிறுவனம் அது. பெயர் எதற்கு? அந்த ஏடும் இன்று இல்லை, அந்த அலுவலகமும் இல்லை. காலையிலே பெரிய கடைவீதிக்குள் நுழைவேன். சின்னக் கடைவீதி வழியே வளைந்து தெப்பக்குளத்தைச் சுற்றி வருவதற்குள் கடைகளில் விளக்கு ஏற்றிவிடுவார்கள். கையிலே ரசீதுப் புத்தகம், வாயிலே மனப்பாடம் செய்த நான்கு வாக்கியம், வயிற்றிலே ஒரு தேநீர். "முதல் பக்கத்தில் கட்டம் கட்டிப் போடுகிறோம், ஐயா! ஏட்டைத் திறந்தவுடன் உங்கள் கடைதான் கண்ணில் படும்!" என்பேன். அதே முதல் பக்கத்தை அடுத்த கடைக்காரரிடமும் பேரம் பேசுவேன். ஆம் தோழா, முதலிடத்தை விற்றுப் பிழைத்தவன் நான். அதை மறைத்துவிட்டு மற்றவரைக் குறைகூற வரவில்லை.

அப்படி விளம்பரம் கொடுத்தவர்களுள் ஒருவர் பாத்திரக் கடைப் பெரியவர். ஏடு அச்சாகி வந்தது. அவருடைய தொலைபேசி எண்ணின் கடைசி இலக்கம் 3 என்றிருக்க வேண்டும். 8 என்று விழுந்துவிட்டது. கல்யாணச் சீர்வரிசைக்குப் பாத்திரம் கேட்டவர்களெல்லாம் யாரோ ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியரைத் தூக்கத்திலிருந்து எழுப்பிக்கொண்டிருந்தார்கள். முகூர்த்த மாதங்கள் ஓடிவிட்டன. மறு ஆண்டு, ஒன்றும் அறியாதவனாய், புதிய ரசீதுப் புத்தகத்தோடு அவர் கடைப் படியேறினேன். அவ்வளவுதான்! கல்லாவை விட்டு இறங்கி வந்தார். சட்டையைப் பிடித்தார். "மூன்றை எட்டாக்கினாயே, பாவி! தை மாத வியாபாரம் போயிற்றே, உன் அப்பனா கொடுப்பான்?" இரண்டு பொத்தான்கள் தெறித்துப் பித்தளை அண்டாவுக்குள் விழுந்த ஓசை இன்னும் என் காதிலே இருக்கிறது.

அடுத்த ஏட்டில் அவருக்கு அரைப்பக்கம் இலவசமாகப் போட்டார்கள். அதற்காக என் கழிவுத் தொகையில் பாதியைப் பிடித்துக்கொண்டார்கள். எனக்கு நேர்ந்தது நியாயமா என்பது வேறு கதை. அந்தப் பெரியவருக்கு ஒரு நியாயம் கிடைத்தது. எதனால் கிடைத்தது? அவர் கைக்கு எட்டிய தூரத்தில் ஒரு சட்டை இருந்தது, அதனால் கிடைத்தது.

இன்று நிலை என்ன? ஒரு காட்சியாகவே காட்டுகிறேன்; நாடகம் எழுதுகிறவனின் பழக்கம், பொறுத்துக்கொள்.

மாலை நேரம். சிறியதொரு வீட்டின் சமையலறை. மிக்ஸி நின்றுவிட்டது; மறுநாள் வீட்டிலே விசேஷம். அம்மையார் கைப்பேசியை எடுக்கிறார். "பக்கத்தில் மிக்ஸி பழுது பார்க்கும் நல்ல கடை எது?" என்று தமிழிலேயே கேட்கிறார். செயற்கை நுண்ணறிவு எனும் எந்திர மூளை தமிழிலேயே விடையிறுக்கிறது. இன்ன கடை, இன்ன தெரு, இத்தனை மணி வரை திறந்திருக்கும், வாடிக்கையாளர்கள் மெச்சுகிறார்கள் என்று நயமாக நாலு வரி! அம்மையார் புறப்படுகிறார். அவர் வீட்டுக்கு நாற்பதடி தொலைவிலே, மாடிப்படிக்குக் கீழே, இருபது ஆண்டுகளாக மிக்ஸி பழுது பார்க்கும் ஒருவர் கையில் திருப்புளியோடு உட்கார்ந்திருக்கிறார். அவரைப் பற்றி இணையத்தில் எவரும் எழுதவில்லை. அவருக்கும் எழுதத் தெரியாது. எந்திரம் அவரைப் பழித்ததா? இல்லை. பொய் சொன்னதா? அதுவும் இல்லை. அவர் பெயரைச் சொல்லவில்லை, அவ்வளவே. வாடிக்கையாளர் தன்னைக் கடந்து சென்றதைக்கூட அவர் அறியமாட்டார்.

படிப்படியாக நேர்ந்திருக்கிறது இந்தச் சுருக்கம். எங்கள் தலையணை ஏட்டில் பாத்திரக் கடைகள் மட்டுமே பக்கம் பக்கமாக இருந்தன. அதன்பின் கூகுள் வந்தது. ஒரு பக்கத்துக்குப் பத்து இணைப்புகள் என்றது. உள்ளூர்க் கடைகளை நிலப்படத்தோடு சேர்த்து ஏழேழாகக் காட்டிவந்தது. 2015 ஆகஸ்டில் அந்த ஏழைக் குறைத்து மூன்றாக்கிற்று. 2024 மே மாதம் அமெரிக்காவிலும், அதே ஆண்டு ஆகஸ்டில் இந்தியாவிலும், தேடலின் உச்சியிலே எந்திரமே தொகுத்துச் சொல்லும் விடை வந்து அமர்ந்தது. நூறு பத்தாகி, பத்து ஏழாகி, ஏழு மூன்றாகி, இப்போது ஒரே வாய், ஒரே பதில்! உள்ளூர்க் கடைகளை வரிசைப்படுத்துவதற்குக் கூகுள் வெளிப்படையாகச் சொல்லியிருக்கும் அளவுகோல்கள் மூன்று: கேட்ட பொருளுக்குப் பொருத்தம், கேட்டவரிடமிருந்து தொலைவு, ஊரறிந்த பெயர். முதல் இரண்டிலும் மாடிப்படிக்காரர் தேறிவிடுவார். மூன்றாவதிலே விழுந்துவிடுகிறார். ஊரறிந்த பெயர் என்றால் தெருவறிந்த பெயர் என்று நீ எண்ணிக்கொள்ளாதே. எத்தனை பேர் எழுதினார்கள், எத்தனை நட்சத்திரம் குத்தினார்கள், எத்தனை தளங்கள் சுட்டிக்காட்டின என்பதே அந்தக் கணக்கு.

மக்கள் அந்த ஒரே பதிலைத் தாண்டி உள்ளே போய்ப் பார்ப்பார்களே என்பாய். அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2025 மார்ச்சில் 900 பேருடைய தேடல்களைக் கண்காணித்து அதே ஆண்டு ஜூலையில் கணக்கை வெளியிட்டது. எந்திரத்தின் தொகுப்பு விடை தோன்றாதபோது, நூறு தடவைக்குப் பதினைந்து தடவை வழக்கமான இணைப்பு எதையேனும் மக்கள் தொட்டுத் திறந்தார்கள். தொகுப்பு விடை தோன்றியபோது அது எட்டாகக் குறைந்தது. விடைக்குள்ளேயே ஆதாரமாகக் காட்டப்பட்ட இணைப்பைத் தொட்டவர்களோ நூற்றுக்கு ஒன்று! சாட்சியை விசாரிக்காமலே தீர்ப்பை எடுத்துக்கொண்டு போகிறார்கள் என்று பொருள்.

தீர்ப்புப் பொய்யானால்?

அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் உல்ஃப் ரிவர் எலக்ட்ரிக் என்றொரு நிறுவனம். 2014-இல் நண்பர்கள் சிலர் கூடித் தொடங்கியது. வீட்டுக் கூரைகளிலே சூரிய ஒளித் தகடு பதிப்பது தொழில். விற்பனைப் பிரதிநிதிகள் வீடு வீடாகச் செல்வார்கள், பேசுவார்கள், ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்குவார்கள். 2024-ஆம் ஆண்டின் பிற்பகுதியில், கையெழுத்திட்டவர்கள் ஒவ்வொருவராகப் பின்வாங்கினார்கள். பிரதிநிதிகளுக்கு விளங்கவில்லை. நேற்று வரை சிரித்துப் பேசியவர் இன்று ஏன் முகத்தைத் திருப்புகிறார்? விலையா? தரமா? நம் பேச்சிலே பிழையா? எனக்கு அந்தத் தவிப்புத் தெரியும், தோழா! ஒப்பந்தம் கைநழுவிய மாலையில் ஒரு விற்பனையாளன் முதலில் சந்தேகப்படுவது தன்னைத்தான்.

வாடிக்கையாளர்களையே கேட்டார்கள். கிடைத்த பதில்: "உங்கள் நிறுவனம் ஏமாற்று விற்பனை செய்ததென்று மாநிலத்தின் தலைமை வழக்குரைஞர் வழக்குப் போட்டிருக்கிறாராமே! தேடிப் பார்த்தோம்." தேடிப் பார்த்தால், உண்மையாகவே அப்படித்தான் எந்திரம் சொல்லிக்கொண்டிருந்தது. தலைமை வழக்குரைஞர் அப்படியொரு வழக்கை அந்த நிறுவனத்தின் மீது தொடுத்ததே இல்லை. எந்திரம் ஆதாரமென்று காட்டிய இணைப்புகளைத் திறந்து படித்தால், அவற்றிலும் அந்தக் குற்றச்சாட்டு இல்லை. துண்டுத் துண்டான செய்திகளை ஒட்டி, இல்லாத வழக்கொன்றைப் புனைந்து, ஆதாரம் காட்டுவது போலவும் காட்டியிருக்கிறது! 2025 மார்ச்சில் அந்த நிறுவனம் கூகுள் மீது அவதூறு வழக்குத் தொடுத்தது. 11 கோடி டாலருக்கும் மேல் இழப்பு என்று கணக்குக் காட்டிற்று. புதிய தொழில்நுட்பத்தில் தவறு நேரலாம், தெரிந்தவுடன் திருத்தினோம் என்பது கூகுள் தரப்பின் விளக்கம். வழக்கு எவ்வாறு முடிந்தாலும் சரி, அதிலே எழுந்திருக்கும் கேள்வியைப் பார். ஒரு செய்தித்தாள் இப்படி எழுதியிருந்தால் ஆசிரியர் கூண்டிலே நிற்பார். அண்டை வீட்டுக்காரன் சொல்லியிருந்தால் அவன் நிற்பான். எந்திரம் சொன்னால் யார் நிற்பது? வழக்கறிஞர் வைக்கவும் கணக்குக் காட்டவும் வசதியுள்ள நிறுவனம் அது, நீதிமன்றப் படியேறிற்று. நம்முடைய மாடிப்படிக்காரர் எந்தப் படியேறுவார்?

விற்பனைப் பிரதிநிதிகளைப் பற்றி இன்னும் சற்றுச் சொல்ல வேண்டும். நானும் அந்தக் கூட்டத்தில் இருந்தவனன்றோ! நம்முடைய கூட்டங்களிலே தறித் தொழிலாளியைப் பற்றிப் பேசுகிறோம், உழவரைப் பற்றிப் பேசுகிறோம். கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு, இருசக்கர வண்டியிலே வெயிலைக் குடித்துக்கொண்டு, மாத இலக்கென்ற கத்தியின் கீழே ஓடும் இந்த இளைஞர்களைப் பற்றிப் பேசுவதில்லை. அவர்களுடைய கழுத்துப்பட்டையைப் பார்த்து முதலாளியின் ஆள் என்று ஒதுக்கிவிட்டோம். முன்பு அவர்களுக்கு வாடிக்கையாளர் விசாரித்து வருவார். பேச வாய்ப்புக் கிடைக்கும். இன்று விசாரணையை எந்திரமே முடித்துவிடுகிறது. விலை, தரம், குறை அனைத்தையும் அது சொல்லி முடித்தபின் மிச்சமுள்ள ஒருவர் வருகிறார். அவரும் மனத்தில் முடிவோடு வருகிறார். விசாரிப்புகள் குறைந்தன என்று இலக்கைக் குறைக்கிறார்களா? இல்லை. "நட்சத்திரம் வாங்கிக்கொண்டு வா" என்று அதன்மேல் இன்னொரு சுமை! பொருளை விற்கும் வாய் இப்போது ஐந்து நட்சத்திரத்துக்குக் கெஞ்சிக்கொண்டு நிற்கிறது.

இன்னும் ஒரு படி மேலே போயிருக்கிறார்கள். 2025 ஜூலையில் கூகுள் அமெரிக்கா முழுவதும் ஒரு வசதியைத் திறந்துவிட்டது. நாய்க்கு முடி வெட்ட என்ன விலை, சலவைக்கு என்ன விலை என்று கேட்டுவரச் சொன்னால், எந்திரமே கடை கடையாகத் தொலைபேசியில் அழைத்துக் கேட்கிறது. விலைகளைத் தொகுத்துக் கொடுக்கிறது. வேண்டாம் என்று விலகிக்கொள்ளும் உரிமை கடைக்காரருக்கு உண்டு. விலகிக்கொண்டால் பட்டியலிலே விலை இராது. எண்ணிப் பார், தோழா! கடைக்காரர் தொலைபேசியை எடுக்கிறார். மறுமுனையில் மனிதர் இல்லை. அதனிடம், "போன தடவை உங்கள் நாய்க்குட்டி நோயாயிருந்ததே, தேறிவிட்டதா?" என்று கேட்க முடியுமா? "பழகிய கையம்மா, பயப்படாது" என்று சொல்லி, ஐந்து ரூபாய் கூடக் கேட்க முடியுமா? கடைத்தெருவிலே நாம் பேச்சும் பழக்கமும் என்று சொல்வதெல்லாம் அங்கே ஓர் எண்ணாகச் சுருங்கிவிடுகிறது.

ஆகவே கைப்பேசியைக் கிணற்றிலே எறிந்துவிடு என்கிறேனா? எறிந்துவிட்டுப் போய்விட்டால் நான் இந்தக் கட்டுரைக்கான செய்திகளை எங்கே தேடுவேன்! நள்ளிரவில் முன்பின் அறியாத ஊரிலே வண்டி நின்றுபோனவனுக்கு அதே எந்திரம் பஞ்சர் கடையைக் காட்டுகிறது. சந்துக்குள்ளே இட்லிக் கடை வைத்திருக்கும் அம்மையார், எங்களைப் போன்ற ஆட்களிடம் முதல் பக்கத்துக்குப் பணம் கட்டாமலே, ஒரு நல்ல மதிப்புரையால் ஊரறியப் பெற்றதும் உண்டு. கண் தெரியாதவர் வாயால் கேட்டுக் காதால் விடை பெறுகிறார். தமிழிலே கேட்டால் தமிழிலே சொல்கிறதே, அதற்கு நான் மகிழவில்லை என்று சொன்னால் அது பொய். எந்திரத்தின் மீது எனக்குப் பகை இல்லை. அதன் பின்னால் ஒளிந்துகொண்டு, "நான் சொல்லவில்லை, அது சொல்லிற்று" என்பவர்மீதுதான் பகை.

அந்த எந்திரம் சொல்லும் விடை எங்கிருந்து வந்தது? கடைக்காரர் தன் கையால் எழுதிய விவரம். வாடிக்கையாளர் எழுதிய மதிப்புரை. யாரோ எடுத்துப் போட்ட படம். கூலியில்லாமல் ஊரே உழுது விதைத்த வயலிலே அறுவடை ஒருவருக்கு! அதே கடைக்காரர் மேலே தெரிய வேண்டுமானால் விளம்பரத்துக்குப் பணம் கட்ட வேண்டும். அந்த வயலிலே களையும் ஏராளம். 2023-ஆம் ஆண்டில் மட்டும் 17 கோடிக்கும் மேற்பட்ட விதிமீறிய மதிப்புரைகளையும், 1 கோடியே 20 இலட்சம் போலிக் கடை விவரங்களையும் தடுத்தோம், நீக்கினோம் என்று கூகுளே சொல்லியிருக்கிறது. பிடிபட்டதே இத்தனை! பொய் மதிப்புரை எழுதுவதையும் வாங்குவதையும் தடைசெய்யும் விதி அமெரிக்காவில் 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. நம் இந்தியத் தர நிர்ணய அமைப்பு 2022 நவம்பரிலேயே இணைய மதிப்புரைகளுக்கென ஒரு தர விதி வகுத்தது. ஆனால் வகுத்தபோது, விரும்பினால் பின்பற்றலாம் என்று விட்டுவிட்டது. விரும்பினால்! கல்லாப்பெட்டியிடம் போய், விரும்பினால் நேர்மையாயிரு என்பது போல.

போட்டி வந்தால் சரியாகிவிடும் என்று பொருளாதாரம் பேசுவோர் சொல்வர். அமெரிக்க மாவட்ட நீதிபதி அமித் மேத்தா 2024 ஆகஸ்ட் 5 அன்று அளித்த தீர்ப்பைப் படித்துவிட்டு அவர்கள் பேசட்டும். தேடலில் நூற்றுக்குத் தொண்ணூறு அளவைக் கைக்குள் வைத்திருந்த கூகுள், சட்டத்துக்குப் புறம்பாக அந்த ஏகபோகத்தைக் காத்துக்கொண்டது என்றார் அவர். எவ்வாறு காத்தது? ஆப்பிள் நிறுவனத்தின் கருவிகளிலே தானே முதல் தேடுபொறியாக நிற்பதற்காக 2022-இல் மட்டும் 2000 கோடி டாலர் கொடுத்தது என்று அந்த வழக்கிலே வெளிவந்தது. நான் பெரிய கடைவீதியில் விற்ற அதே சரக்குத்தான், தோழா: முதலிடம்! என்னிடம் வாங்கியவர் சில ஆயிரம் கொடுத்தார். இவர்கள் கொடுத்த தொகையை எழுதிப் பார்ப்பதற்கு என் ரசீதுப் புத்தகத்தில் கட்டம் போதாது.

நம் ஊர்க்காரர் ஒருவரும் இதை முன்னமே உணர்ந்திருந்தார். திருமண வரன் பார்க்கும் தளம் நடத்தும் சென்னை நிறுவனம் ஒன்று 2012-இலேயே இந்தியப் போட்டி ஆணையத்திடம் கூகுள் மீது முறையிட்டது. ஆணையம் தீர்ப்புச் சொன்னது 2018 பிப்ரவரியில். விதித்த தண்டம் 135.86 கோடி ரூபாய். முறையீட்டுக்கும் தீர்ப்புக்கும் இடையே ஆறாண்டு! பெரிய நிறுவனம் ஆறாண்டு தாக்குப்பிடிக்கும். திருப்புளியோடு உட்கார்ந்திருப்பவர் ஆறு மாத வாடகை பாக்கி வைத்தால் கடையே இராது.

ஆகவே ஆள்வோரிடம் நாம் கேட்க வேண்டியது பெரியதொரு தத்துவமன்று. ஒரு கடையைப் பற்றி எந்திரம் பொய் சொன்னால், அந்தக் கடைக்காரர் தன் தாய்மொழியிலே முறையிடவும், இத்தனை நாளுக்குள் ஒரு மனிதர் தன் பெயரைச் சொல்லிப் பதில் தரவும் சட்டம் வேண்டும். திருத்தும்வரை அந்தப் பொய் நிறுத்திவைக்கப்பட வேண்டும். இழப்புக்கு ஈடு வேண்டும். சொல்லும் விடையிலே பணம் வாங்கிச் சொன்னது எது, வாங்காமல் சொன்னது எது என்று எழுத்திலே தெரிய வேண்டும். இவ்வளவும் மஞ்சள் ஏட்டுக் காலத்தில் ஒரு பொத்தானின் விலைக்குக் கிடைத்தவை.

சட்டம் வரும்வரை நீ சும்மா இருக்க வேண்டியதில்லை. உன் வட்டத்திலே ஒரு தெருவை எடுத்துக்கொள். கடை கடையாக ஏறி, கைப்பேசியிலே அந்தக் கடையைத் தேடிக் காட்டு. பெயர் இல்லையென்றால் பதிந்து கொடு. அதற்குக் கூகுள் காசு வாங்குவதில்லை. "கூகுளிலிருந்து பேசுகிறோம், பணம் கட்டாவிட்டால் கடையை நீக்கிவிடுவோம்" என்று மிரட்டும் தரகர்களிடம் ஏமாற வேண்டாம் என்று சொல். பெயரைத் தமிழிலும் எழுது. திறக்கும் நேரத்தை எழுது. தொலைபேசி எண்ணின் கடைசி இலக்கத்தை இருமுறை சரிபார், அனுபவித்தவன் சொல்கிறேன். ஐந்து நட்சத்திரத்தை விலைக்கு வாங்கித் தராதே. நம் தோழர்களிலேயே சிலர் தேநீர்க் கடையில் உட்கார்ந்து, சாப்பிடாத உணவகத்துக்கு மதிப்புரை எழுதிக் காசு பார்ப்பதாகக் கேள்விப்படுகிறேன். அவர்களுடைய பெயரை இந்தத் தடவை எழுதவில்லை.

சென்ற மாதம் ஒரு பொதுக்கூட்டத்துக்காகத் திருச்சி போயிருந்தேன். பாத்திரக் கடைப் பெரியவரைப் பார்க்கத் தோன்றிற்று. போவதற்கு முன் கடை திறந்திருக்கிறதா என்று கைப்பேசியைக் கேட்டேன். எந்த நிறுவனத்தின் எந்திரம் என்பது இங்கே வேண்டாம். "அந்தக் கடை நிரந்தரமாக மூடப்பட்டுவிட்டது" என்றது. நெஞ்சு திக்கென்றது. பெரியவருக்கு என்ன ஆயிற்றோ என்று ஓடினேன். கல்லாவிலே உட்கார்ந்து, பேரனோடு தட்டு எண்ணிக்கொண்டிருந்தார்!

அந்த வரியைக் காட்டினேன். மூக்குக்கண்ணாடியை ஏற்றி, எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"நிரந்தரமாகவா? நான் இங்கேதானே இருக்கிறேன், தம்பி. யார் சொன்னது?"

"எந்திரம் சொல்கிறது, ஐயா. திருத்தச் சொல்லி எழுதிப் போட்டிருக்கிறேன். 'பரிசீலனையில் உள்ளது' என்று பதில் வந்திருக்கிறது."

"யார் பரிசீலிப்பது?"

"தெரியவில்லை, ஐயா."

"எந்த ஊரில் இருக்கிறார்?"

"அதுவும் தெரியவில்லை."

பெரியவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு என் சட்டையைப் பார்த்தார், சிரித்துவிட்டார். பேரனைக் கூப்பிட்டு, இரண்டு தேநீர் வாங்கிவரச் சொன்னார்.